சங்கம் டாக்டருக்கா, நோயாளிக்கா?

வேலைநிறுத்த நாளில் மட்டும்தான் ஊர் மருத்துவர் சங்கம் நம் கண்ணில் படுகிறது. மற்ற நாட்களில் அது என்ன செய்கிறது? எங்கிருந்து வந்தது? யாருக்குப் பதில் சொல்கிறது?

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. தமிழ்நாட்டில் பல ஊர்களின் தனியார் மருத்துவமனை வாசல்களில் ஒரே மாதிரியான அறிவிப்பு தொங்கியது. அன்று ஓ.பி. கிடையாது, அவசர சிகிச்சை மட்டும் உண்டு. அதற்கு எட்டு நாள் முன்பு, கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த 31 வயது பயிற்சி மருத்துவர் வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதைக் கண்டித்து இந்திய மருத்துவச் சங்கம், அதாவது ஐ.எம்.ஏ., 24 மணி நேர வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்திருந்தது.

காய்ச்சலோடு வந்த குழந்தையைத் தோளில் போட்டபடி திரும்பிப் போனவர்களுக்கு டாக்டர்களின் கோபம் புரிந்தது. கூடவே ஒரு கேள்வியும் எழுந்திருக்கும். நாடு முழுக்க ஒரே நாளில் கதவை அடைக்க வைக்கும் பலம் கொண்ட இந்தச் சங்கம் நம் ஊரில் எங்கே இருக்கிறது?

எங்கும் இருக்கிறது. ஐ.எம்.ஏ.வின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் அதன் உயிர் இருப்பது 1,700க்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகளில்தான். மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான டாக்டர்கள் உறுப்பினர்கள். மாவட்டத் தலைநகரில் மட்டுமல்ல, நாலைந்து நர்சிங் ஹோம் உள்ள தாலுகா ஊரிலும் ஒரு கிளை உண்டு. அதற்கு ஒரு தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. வசதியான கிளைகளுக்குச் சொந்தமாக ‘ஐ.எம்.ஏ. ஹால்’ இருக்கும். மற்றவை ஹோட்டல் மாடியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும்.

மாதம் ஒரு கூட்டம்

கிளையின் மாதக் கூட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையிலோ, ஓ.பி. முடிந்த இரவிலோ நடக்கும். வாசலில் மருந்துக் கம்பெனி ஒன்றின் மேஜை, அதன் பின்னால் கழுத்தில் டை கட்டிய மெடிக்கல் ரெப். உள்ளே முதல் அரைமணி நேரம் நிர்வாக விஷயங்கள் ஓடும். பயோமெடிக்கல் கழிவு வண்டி ஒழுங்காக வரவில்லை, தீயணைப்புத் துறைச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கிறது, பக்கத்து ஊரில் ஒரு போலி டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒவ்வொன்றாக வரும். பிறகு சி.எம்.இ. எனப்படும் தொடர் மருத்துவக் கல்வி. நகரத்து மருத்துவமனையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசுவார். ஐந்தாண்டுக்குள் குறைந்தது 30 மணி நேரம் இப்படிப்பட்ட கூட்டங்களில் டாக்டர்கள் பங்கேற்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. சிறு நகரத்து டாக்டருக்கு அந்த மணிக்கணக்கை நிரப்ப கிளைக் கூட்டமே கைக்கெட்டும் வழி.

இதில் உருப்படியான பகுதி பெரும்பாலும் கடைசியில் வரும். உள்ளூர் டாக்டர் ஒருவர் தான் பார்த்த கேஸ் ஒன்றை எடுத்து வைப்பார். எடுத்துக்காட்டாக, கட்டுவிரியன் கடி. நெல் வயலை ஒட்டிய எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பெண் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறார். பல் பட்ட தடம் இல்லை, வீக்கம் இல்லை, எந்தப் பாம்பையும் அவர் பார்க்கவும் இல்லை. அல்சர் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் மூச்சுத் திணறல்.

“கண் இமை எப்படி இருந்துச்சு தம்பி?” என்று பின்வரிசை சீனியர் ஒருவர் கேட்பார்.

“தூக்கக் கலக்கம்னு நெனச்சுட்டேன் சார்.”

“அதுதான் கட்டுவிரியன். தரையில படுத்தவங்க விடியகாலைல காரணம் தெரியாத வயித்துவலியோட வந்தா முதல்ல இமையைத் தூக்கச் சொல்லிப் பாரு. விஷமுறிவு ஏ.எஸ்.வி. போட்டாலும் வென்டிலேட்டருக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் அடுத்த வேலை.”

இந்த நாலு வரிப் பேச்சு அடுத்த மாதம் இன்னொரு கிளினிக்கில் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது, அதாவது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக்கியது. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி வந்த அந்த ஆணைக்குத் தனியார் மருத்துவமனைகளும் கட்டுப்பட்டவை. காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2012இலேயே வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆணைகளை அரசாணைக் காகிதத்திலிருந்து மாடிப்படி ஏறிப் போகும் சின்னக் கிளினிக் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க, கிளைச் செயலாளரின் வாட்ஸ்அப் குழுவைவிட வேகமான வழி அரசிடமும் இல்லை.

உறுப்பினர்களுக்கு வேறு ஆதாயங்களும் உண்டு. சங்கத்தின் குடும்பப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த ஒருவர் இறந்துபோனால், திட்டத்தில் இருக்கும் மற்றவர்கள் ஆளுக்கொரு தொகை போட்டு அந்தக் குடும்பத்திடம் தருவார்கள். வழக்கு வந்தால் துணை நிற்க இன்னொரு திட்டம். ரத்ததான முகாம், போலியோ முகாம், பள்ளிக்கூடக் கண் பரிசோதனை என்று ஊருக்கும் கொஞ்சம் செய்வார்கள். ஆக, கல்விக்கூடம், தொழிற்சங்கம், பரஸ்பர சகாய நிதி, தொண்டு அமைப்பு என்ற நான்கும் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இயங்குகின்றன. இந்தக் கலவை எப்படி உருவானது?

வூஸ்டரில் தொடங்கியது

1832 ஜூலை 19. லண்டனிலிருந்து தள்ளியிருக்கும் வூஸ்டர் என்ற இங்கிலாந்து நகரத்தின் மருத்துவமனைக் கூட்ட அறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் கூடினார்கள். கூட்டியவர் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ், வயது 38. லண்டன் டாக்டர்களுக்கு ராயல் கல்லூரிகள் இருந்தன, அந்தஸ்து இருந்தது. வெளியூர் டாக்டர்களுக்குத் தாங்கள் கண்டதைச் சொல்லவும் இடமில்லை, சக டாக்டர் சொல்வதைக் கேட்கவும் வழியில்லை. அந்த ஆண்டு இங்கிலாந்தில் காலரா வேறு பரவிக்கொண்டிருந்தது. ‘மாகாண மருத்துவ, அறுவை மருத்துவச் சங்கம்’ அங்கே பிறந்தது.

1840இல் அந்த வட்டாரத்து டாக்டர்களுக்காக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியது. 1856இல் சங்கம் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு அந்தப் பத்திரிகை ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஆனது. யார் டாக்டர், யார் போலி என்று பிரிக்கப் பதிவேடு வேண்டும் என்று சங்கம் விடாமல் போராடியது. 1858இல் வந்த மருத்துவச் சட்டம் அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. இன்று நம் டாக்டரின் மருந்துச் சீட்டில் அச்சாகியிருக்கும் பதிவு எண்ணுக்கு மூலம் இங்கே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அந்த ஏற்பாடு 1914ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தோடு வந்தது.

ஒதுக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய சங்கம், தானே ஆட்களை ஒதுக்கவும் அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. 1873இல் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்ற பெண் டாக்டர் அதில் உறுப்பினரானார். 1878இல் இனிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சங்கம் வாக்கெடுத்து முடிவு செய்தது. ஏற்கெனவே சேர்ந்துவிட்டவரை நீக்கவில்லை. 1892இல் கதவு மறுபடி திறக்கும்வரை 19 ஆண்டுகள் அந்தச் சங்கத்தில் அவர் ஒருவரே பெண். இதே காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் அங்கே படித்தார்கள். அதே கல்லூரியிலிருந்துதான் 1912இல் முத்துலட்சுமி ரெட்டி டாக்டராக வெளியே வந்தார்.

கல்கத்தாவில் ஒரு வெளியேற்றம்

பிரிட்டிஷ் சங்கத்தின் கிளைகள் கப்பலேறி இங்கேயும் வந்தன. 1863இல் வங்காளக் கிளை. 1880களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியக் கிளை தன் கூட்டக் குறிப்புகளை அச்சிட்டு வெளியிட்டது. கொழும்பில் 1887இல் தொடங்கிய கிளைதான் இன்றைய இலங்கை மருத்துவச் சங்கத்தின் தாய்.

வங்காளக் கிளையின் தொடக்கக் கூட்டத்தில் ஹோமியோபதியைத் தாக்கிப் பேசிய இளம் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் வாங்கியவர், கிளையின் நிர்வாகிகளில் ஒருவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1867 பிப்ரவரி 16 அன்று, அதே கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, தான் படித்ததும் கண்ணால் பார்த்ததும் தன் எண்ணத்தை மாற்றிவிட்டன என்றார். ஹோமியோபதியிலும் உண்மை இருக்கிறது என்று அவர் சொன்னதும் கூட்டம் கொதித்தது. சங்கம் அவரை விலக்கி வைத்தது. நோயாளிகளும் குறைந்தார்கள்.

ஹோமியோபதி விஷயத்தில் அவர் சொன்னது சரியா என்பது வேறு விவாதம். ஆதாரம் கேட்டுப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சங்கம் ஊர்விலக்கம் செய்தது என்பதுதான் இங்கே முக்கியம். விலக்கப்பட்டவர் சும்மா இருக்கவில்லை. 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற ஆய்வு நிறுவனத்தைக் கல்கத்தாவில் தொடங்கினார். அரசுக் கணக்காயர் வேலையை முடித்துவிட்டு மாலையில் அங்கே போய் ஆய்வு செய்தவர் நம் சி.வி. ராமன். அவருக்கு நோபல் வாங்கித் தந்த ராமன் விளைவு 1928 பிப்ரவரியில் அந்தக் கட்டடத்தில்தான் வெளிப்பட்டது.

அதே 1928. அதே கல்கத்தா. அங்கே நடந்த ஐந்தாவது அகில இந்திய மருத்துவ மாநாட்டில் இந்திய டாக்டர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கத்தை நிறுவினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அது இந்திய மருத்துவச் சங்கம் என்று பெயர் பெற்றது.

அதற்கான கோபம் நெடுங்காலமாகச் சேர்ந்து வந்தது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பதவிகளும் பெரிய மருத்துவமனைகளின் தலைமையும் ஐ.எம்.எஸ். எனப்பட்ட இந்திய மருத்துவப் பணி அதிகாரிகளின் கையில் இருந்தன. பெரும்பாலும் வெள்ளையர்கள், படைப்பிரிவிலிருந்து வந்தவர்கள். இந்தியர்கள் தேர்வெழுதி உள்ளே நுழையலாம் என்று 1855இல் வழி திறந்தபோதும், நுழைந்தவர்கள் கொஞ்சம் பேர். இதை எதிர்த்துத்தான் 1883இல் பம்பாய் மெடிக்கல் யூனியன் பிறந்தது. சென்னையில் டாக்டர் உ. ராமராவ் 1904இல் ‘ஆன்டிசெப்டிக்’ என்ற மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். அதன் ஆசிரியராக இருந்த டாக்டர் டி.எம். நாயர் பிறகு நீதிக்கட்சியைக் கட்டியவர்களில் ஒருவர். மருந்துப் பெட்டியும் அரசியலும் அன்று ஒரே வீட்டில் இருந்தன.

ஐ.எம்.ஏ.வைத் தொடங்கியவர்கள் பட்டியலும் அதையே காட்டுகிறது. நீல்ரத்தன் சர்க்கார், பிறகு மேற்கு வங்க முதல்வரான பி.சி. ராய், 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய எம்.ஏ. அன்சாரி என்று அதில் பலர் டாக்டர்களாகவும் அரசியல்வாதிகளாகவும் இருந்தவர்கள். சங்கத்துக்குத் தலைவராக இருந்த ஜீவராஜ் மேத்தா 1960இல் குஜராத்தின் முதல் முதலமைச்சர் ஆனார். பி.சி. ராய் பிறந்ததும் இறந்ததும் ஜூலை 1ஆம் தேதி. 1991 முதல் அந்த நாளை டாக்டர்கள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், ஐ.எம்.ஏ. பிறந்தபோது அதன் உறுப்பினர்களின் உரிமையும் நாட்டு மக்களின் உரிமையும் ஒரே பக்கம் நின்றன. எதிரில் நின்றது வெள்ளை அரசு. விடுதலைக்குப் பிறகு அந்த எதிரி இல்லை. இனி டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் வழக்கு வந்தால் சங்கம் எந்தப் பக்கம் நிற்கும்?

1995இன் தீர்ப்பு

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டாக்டர் தருவதும் ‘சேவை’தானா என்ற கேள்வியில் உயர் நீதிமன்றங்கள் பிரிந்து நின்றன. சென்னை உயர் நீதிமன்றம் டாக்டர்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அதன் தலைப்பிலேயே சங்கத்தின் பெயர் இருந்தது: இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா. 1995 நவம்பர் 13 அன்று சங்கம் தோற்றது. கட்டணம் வாங்கித் தரும் சிகிச்சை இந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது நீதிமன்றம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் மட்டும் அதற்கு வெளியே நின்றன.

அன்று டாக்டர்கள் பயந்ததில் பாதி பலித்தது. வழக்குக்குப் பயந்து தேவைக்கு மேல் டெஸ்ட் எழுதும் பழக்கம் வளர்ந்தது, காப்பீட்டுச் செலவு ஏறியது, சிக்கலான கேஸைத் தொடாமலே பெரிய ஊருக்கு ரெஃபர் செய்வது கூடியது. ஆனால் நோயாளிக்கு ஒரு கதவும் திறந்தது. கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதும் பழக்கமும், அறுவை சிகிச்சைக்கு முன் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் முறையும் சின்ன நர்சிங் ஹோம்களுக்கும் பரவ அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். கிளைகள் பிறகு நடத்திய சி.எம்.இ. கூட்டங்களில் மருந்தோடு சட்டமும் பாடமானது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், ஒரு டாக்டர்மீது குற்ற வழக்கை எடுத்துச் செல்லும் முன் வேறொரு தகுதிவாய்ந்த டாக்டரின் நடுநிலைக் கருத்தைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது டாக்டர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கல்லும் கத்தியும்

நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் ஒரு வகை. கல்லோடு வருகிறவர்கள் இன்னொரு வகை. நோயாளி இறந்ததும் கண்ணாடி உடைவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இதைத் தடுக்க 2008இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. அதன் பிறகும் 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் டாக்டர் தன் கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மாநிலமெங்கும் டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனைக்குள் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார்.

சங்கத்தின் குரல் சட்டென்று பலித்த சந்தர்ப்பம் 2020 ஏப்ரலில் வந்தது. கொரோனாவில் உயிரிழந்த மூத்த நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக டாக்டர் ஒருவர் நள்ளிரவில் தன் கையாலேயே மண் தள்ளி அவரைப் புதைத்தார். ஏப்ரல் 22 அன்று வெள்ளை அங்கியோடு மெழுகுவத்தி ஏற்றுவது, மறுநாள் கறுப்பு தினம் என்று ஐ.எம்.ஏ. அறிவித்தது. உள்துறை அமைச்சர் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார், போராட்டம் கைவிடப்பட்டது. அதே நாளில் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்கிக் கொடுங்காயம் விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறை.

சட்டம் தேவைதான். ஆனால் சட்டம் வந்த பிறகும் அடி விழுவது ஏன் என்று கிளைக் கூட்டங்களில் டாக்டர்களே கேட்டுக்கொள்கிறார்கள். உயிர் ஊசலாடும் நேரத்தில் குடும்பத்திடம் யார் பேசுவது, எத்தனை முறை பேசுவது, ஐ.சி.யூ. பில் எவ்வளவு ஏறும் என்று எப்போது சொல்வது என்பதெல்லாம் பெரும்பாலும் டியூட்டி டாக்டரின் தலையில் விடப்படுகிறது. அவர் படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளையாக இருப்பார். அவரைத் தாக்கியவருக்குத் தண்டனை வாங்கித் தருவது சங்கத்தின் ஒரு வேலை. அவரைத் தனியாக நிற்க வைத்த முறையை மாற்றுவது இன்னொரு வேலை. முதல் வேலையில் சங்கம் காட்டும் வேகம் இரண்டாவதில் இல்லை.

தன்னைத் தானே தணிக்கை செய்தபோது

மருத்துவர் சங்கங்கள் உச்சத்தைத் தொட்ட தருணங்களைத் தேடினால், அவை பெரும்பாலும் தங்கள் சொந்தத் தோல்விகளை எண்ணத் துணிந்த தருணங்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியா மாவட்ட மருத்துவச் சங்கம் 1849இல் தொடங்கியது. 1931 முதல் 1933 வரை அந்த நகரில் பிரசவத்தை ஒட்டி இறந்த ஒவ்வொரு பெண்ணின் கதையையும் அதன் குழு ஒன்று எடுத்து அலசியது. 1934இல் அறிக்கை வெளிவந்தது. அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று டாக்டர்களே எழுதினார்கள். அரசு கேட்டு எழுதியதல்ல, நீதிமன்றம் மிரட்டி எழுதியதும் அல்ல.

அதே வேலையை நம் பக்கத்து மாநிலம் 2004இல் தொடங்கியது. கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, பிரசவத்தில் தாய் இறந்தால் அந்த கேஸ் ஷீட்டை ரகசியமாக மறு ஆய்வு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. தாயின் பெயர், டாக்டரின் பெயர், மருத்துவமனையின் பெயர் எல்லாம் அழிக்கப்படும். மூத்த டாக்டர்கள் குழு அதைப் படித்து, எங்கே தாமதம், எங்கே தவறு, என்ன செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எழுதும். யார்மீதும் நடவடிக்கை கிடையாது, அதனால்தான் உண்மை வெளியே வந்தது. ரத்தப்போக்கு முதல் எதிரி என்று தெரிந்ததும் அதைக் கையாளப் பயிற்சி தரப்பட்டது. பிறகு சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ நிறுவனத்தின் துணையோடு தர நெறிகளும் வந்தன. 2001-03இல் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 110 ஆக இருந்த கேரளத்தின் தாய் இறப்பு விகிதம் 2018-20இல் 19 ஆகக் குறைந்தது. சாலை, சம்பளம், படிப்பு என்று பல காரணங்கள் சேர்ந்த எண் அது. ஆனாலும் தங்கள் கையில் இறந்தவர்களைப் பற்றி டாக்டர்களே உட்கார்ந்து பேசியதற்கும் அதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் தாய் இறப்பு ஆய்வை அரசே முன்னின்று நடத்துகிறது. 2018-20இல் நம் எண் 54. தனியார் டாக்டர்கள் அந்த ஆய்வுக்குப் பயந்து போகிறார்கள். தாங்களாகவே நடத்தினால் அந்தப் பயம் பாடமாக மாறும்.

அதே கேரளத்தில் ஐ.எம்.ஏ. செய்த ஒரு காரியமும் நம் எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. 1998இல் மருத்துவக் கழிவு விதிகள் வந்தபோது, ஒவ்வொரு சின்ன கிளினிக்கும் தனித்தனியாக எரியூட்டி அமைப்பது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாலக்காடு மலம்புழாவில் சங்கமே ஒரு பொதுச் சுத்திகரிப்பு ஆலையைக் கட்டியது. உறுப்பினர் மருத்துவமனைகளிலிருந்து ஊசியும் பஞ்சும் ரத்தப் பையும் நிறம் பிரித்த பைகளில் தினமும் அங்கே போகின்றன. ஆனால் 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டப்பட்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு அள்ளிக்கொண்டு போகச் சொன்னதும் நடந்தது. ஆலை இருந்தால் போதாது, கழிவு எங்கே போகிறது என்று கடைசிவரை பார்க்கவும் ஆள் வேண்டும்.

வாசலில் நிற்கும் மேஜை

இனி அந்த மருந்துக் கம்பெனி மேஜைக்கு வருவோம்.

டாக்டர்கள் மருந்துக் கம்பெனியிடம் பரிசு, பயணம், விருந்து வாங்கக் கூடாது என்று 2009 டிசம்பரில், டாக்டர்களை நெறிப்படுத்திய இந்திய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. அந்த விதி டாக்டர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருந்தது. 2016 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. ‘டாக்டர்களின் தொழில்முறைச் சங்கங்கள்’ என்ற சொற்கள் விதியிலிருந்து நீக்கப்பட்டன. தனி டாக்டர் பேனா வாங்கினால் குற்றம், சங்கம் மாநாட்டுக்கே பணம் வாங்கினால் விதிமீறல் இல்லை என்று ஆனது.

அதற்கும் முன்பு, 2008இல் ஐ.எம்.ஏ. பெப்சிகோவின் ட்ராப்பிகானா பழச்சாறுக்கும் க்வேக்கர் ஓட்ஸுக்கும் தன் பெயரைப் பயன்படுத்த அனுமதித்தது பெரும் சர்ச்சையாகி, மருத்துவக் கவுன்சில் நடவடிக்கைவரை போனது. 2023 ஆகஸ்டில், கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. மருந்துக் கம்பெனி செலவில் நடக்கும் கூட்டங்களில் டாக்டர்கள் கலந்துகொள்ளக் கூடாது, மருந்தின் ஜெனரிக் பெயரை எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. மருந்தின் தரத்தை உறுதி செய்யாமல் ஜெனரிக் எழுதச் சொல்வது நோயாளிக்கு ஆபத்து என்று ஐ.எம்.ஏ. எதிர்த்தது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. சில வாரங்களிலேயே விதிகள் மொத்தமும் நிறுத்தி வைக்கப்பட்டன. கூடவே கம்பெனிக் கூட்டங்களுக்கான தடையும் போனது.

பதஞ்சலியின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் இதே ஐ.எம்.ஏ.தான். 2024இல் அந்த வழக்கில் பதஞ்சலி பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட வேண்டி வந்தது. மக்களின் பக்கம் நின்று சங்கம் பெற்ற வெற்றி அது. ஆனால் அதே விசாரணையின்போது, 2024 ஏப்ரல் 23 அன்று, நீதிபதிகள் சங்கத்தைப் பார்த்தும் விரல் நீட்டினார்கள். தேவையில்லாத விலையுயர்ந்த மருந்தை எழுதும் உறுப்பினர்களைப் பற்றி வந்த புகார்களுக்கு என்ன செய்தீர்கள், முதலில் உங்கள் வீட்டை ஒழுங்குபடுத்துங்கள் என்ற பொருளில் கேட்டார்கள். சங்கம் உறுப்பினர்களின் நலனைப் பார்ப்பதில் தவறே இல்லை. ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் அதைத்தான் செய்கிறது. ஆனால் ஆட்டோ சங்கம் தன்னை மக்களின் உடல்நலக் காவலன் என்று சொல்லிக்கொள்வதில்லை. டாக்டர் சங்கம் சொல்லிக்கொள்கிறது. அந்த வார்த்தைக்குத்தான் கணக்குக் கேட்கிறோம்.

அடுத்து என்ன?

ஊர்க் கிளைகள் இன்று நெருக்கடியில் இருக்கின்றன. கணவனும் மனைவியும் டாக்டராக இருந்து நடத்திய இருபது படுக்கை நர்சிங் ஹோம்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. பிள்ளைகள் டாக்டரானாலும் ஊருக்குத் திரும்புவதில்லை. நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் சம்பளத்துக்குச் சேரும் இளம் டாக்டர்களுக்கு ஊர்க் கிளையோடு ஒட்டுறவு இல்லை, அரசு டாக்டர்களுக்குத் தனிச் சங்கங்கள் இருக்கின்றன. கூட்டத்துக்கு வருகிறவர்களில் நரைத்த தலைகளே அதிகம். எல்லோரையும் தெரிந்த, நள்ளிரவில் போன் எடுக்கிற குடும்ப டாக்டர் போய்விட்டால், அவரைச் சுற்றிக் கட்டிய சங்கத்துக்கும் ஊருக்கும் இருந்த உறவும் போய்விடும்.

அந்த உறவை மீட்கக் கிளைகள் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, ஆண்டுக்கு ஒரு முறை, கூட்டங்களுக்கு எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினோம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். விதியிலிருந்து சங்கங்களை நீக்கினார்களே தவிர, சங்கம் தானாகக் கணக்குக் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது, கேரள மகப்பேறு டாக்டர்கள் செய்ததுபோல், ஊரில் நடந்த எதிர்பாராத சாவுகளைப் பெயர் அழித்து, ஆண்டுக்கு நான்கு முறையாவது உள்ளுக்குள் அலசலாம். மூன்றாவது, இறந்தவரின் குடும்பம் போலீசுக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் முன், கிளையின் மூத்த டாக்டர்கள் இருவர் முன்னிலையில் கேள்வி கேட்கவும் பதில் பெறவும் ஓர் இடம் தரலாம். கல் எறிய வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது நஷ்டஈட்டுக்கும் முன்னால், ‘என்ன ஆச்சு?’ என்ற கேள்விக்கு நேரான பதில்.

இவை எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம், டெல்லியின் அனுமதியும் வேண்டாம். கிளையின் பொதுக்குழுவில் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால் போதும்.